திசுவைக் காக்கும் நஞ்சு

சித்தூர் ஜில்லாவின் தென்மேற்கு மூலையில், தெலுங்கும் தமிழும் கன்னடமும் ஒரே சந்தையில் விலை பேசும் சாந்திபுரம், குப்பம், பலமநேர் வட்டாரங்களில் பட்டுப்புழு வளர்க்கும் குடியானவர்களுக்குப் பார்மலின் புதிய பெயரன்று. ஒரு தொகுதிப் புழுக்கள் கூடு கட்டி முடித்து, அடுத்த தொகுதிக்கான முட்டைகள் வந்து சேர்வதற்கு முன்பு, வளர்ப்பு மனையையும் தட்டுகளையும் புழுக்கள் கூடு கட்டும் சந்திரிகைகளையும் கழுவி, கதவு ஜன்னல்களின் இடுக்குகளை அடைத்து, நூற்றுக்கு இரண்டு பங்கு பார்மால்டிஹைட் கலந்த நீரைத் தெளித்து, மனையை இறுக மூடி வைத்திருந்து, பிறகு திறந்து காற்றோட விட்டுக் காரநெடி போன பின்னரே உள்ளே புகுவது, பட்டு வளர்ப்பு நிபுணர்கள் நெடுங்காலம் போதித்து வந்த முறை. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சு தேசத்துப் பட்டுத் தொழிலையே வேரறுக்க முற்பட்டதும், 1865-இல் லூயி பாஸ்டர் நேரில் சென்று ஆராயத் தொடங்கியதுமான பெப்ரின் என்ற கொடிய வியாதியின் வித்துத்துகள்கள் மனையில் எஞ்சாமல் இருப்பதற்காகவே இத்தனை பிரயாசையும்.

அதே திரவம், அதே வட்டாரத்தின் வேறு அறைகளில், முற்றிலும் வேறொரு நோக்கத்துடன் கண்ணாடிப் புட்டிகளில் நிறைந்திருக்கிறது. 1955-இல் திருப்பதியில் தோன்றிய கால்நடை மருத்துவக் கல்லூரியிலும், 1960-இல் தொடங்கிய ஸ்ரீ வேங்கடேசுவரா மருத்துவக் கல்லூரியிலும், இந்த நூற்றாண்டின் ஆரம்பத்தில் குப்பத்தில் எழுந்த மருத்துவக் கல்லூரியிலும், எல்லை தாண்டினால் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும், நோயுற்ற உடலிலிருந்து எடுத்த திசு அழுகாமலும் உருக்குலையாமலும் பார்மலினில் தங்கி, மைக்ராஸ்கோப்பின் அடியில் தன் கதையைச் சொல்லக் காத்திருக்கிறது. புழுமனையில் உயிரை அழிக்கும் வஸ்து, ஆய்வுக்கூடத்தில் உயிரிழந்த ஒன்றின் வடிவத்தைக் காக்கிறது. இவ்விரண்டும் ஒரே ரசாயனச் செயலின் விளைவுகள் என்பதையும், திசுவை நிலைநிறுத்தும் அந்தச் செயலே அதைக் கையாளுபவனின் கண்ணையும் மூச்சுக்குழலையும் தாக்குகிறது என்பதையும் உணர்ந்துவிட்டால், ஆய்வுக்கூடத்தில் கைக்கொள்ள வேண்டிய ஜாக்கிரதைகள் வேலைக்குப் புறம்பாகச் சுவரில் ஒட்டிவைத்த விதிகளாகத் தோன்றாமல், வேலையின் அறிவிலிருந்தே பிறப்பனவாகத் தோன்றும் என்பது என் அபிப்பிராயம். இக்கட்டுரை அதை விளக்கும் முயற்சி.

பார்மால்டிஹைடின் சரித்திரம் ரஷ்ய ரசாயன அறிஞர் புட்லெரவ் 1859-இல் அதன் தொடர்ச்சேர்மத்தைக் கண்டதிலிருந்து தொடங்குகிறது. ஜெர்மானிய அறிஞர் ஹாஃப்மன் சில ஆண்டுகளுக்குப் பின்னர் மீத்தைல் சாராயத்தின் ஆவியைச் சூடான பிளாட்டினத்தின் மேல் செலுத்தி அதைத் தெளிவாக இனங்காட்டினார். ஆயினும் திசுவுடன் அதற்குள்ள உறவு வெளிப்பட்டது ஒரு தற்செயலால். பிராங்க்பர்ட் நகரத்து வைத்தியர் பெர்டினாண்ட் புளூம், இதன் கிருமிநாசினிக் குணத்தைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, திரவத்தில் அளைந்த தம் விரல்களின் தோல் சாராயத்தில் ஊறிய திசுவைப் போல விறைத்துக் கெட்டிப்பட்டிருப்பதைக் கவனித்தார். விரலுக்கு நேர்ந்தது ஏனைய உறுப்புகளுக்கும் நேரும் என்று ஊகித்து, சோதித்து, 1893-இல் பிரசுரித்தார். கடையில் கிடைத்த திரவத்தை நீருடன் ஒன்றுக்குப் பத்து என்று அவர் அன்று கலந்த விகிதமே, நூற்றுமுப்பது ஆண்டுகள் கழித்தும், உலகமெங்கும் ஏறக்குறைய மாறாமல் நிற்கிறது. யூதராகப் பிறந்த குற்றத்துக்காகத் தம் முதுமையில் ஜெர்மனியை விட்டு வெளியேற நேர்ந்த அவர், 1959-இல் ஸுரிக் நகரில் காலமானார். இன்று புற்றுநோய் என்றோ அன்று என்றோ ஒரு நோயாளிக்குச் சொல்லப்படும் ஒவ்வொரு சொல்லின் பின்னும் அவருடைய விரல் இருக்கிறது. அவர் பெயரோ மருத்துவ மாணாக்கர்களிலும் மிகச் சிலருக்கே தெரியும்.

அதற்கு முன்பு திசுவைக் காக்கச் சாராயமே கதியாக இருந்தது. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா 1836-இல் சவத்தை அறுத்து இந்திய உடற்கூற்றுக் கல்வியைத் தொடங்கிவைத்த நாளிலும், ஓராண்டு முன்னதாகத் தோன்றிய சென்னை மருத்துவக் கல்லூரியின் இளமைக் காலத்திலும் பார்மலின் கிடையாது. சாராயம் திசுவின் நீரை உறிஞ்சிச் சுருக்கிவிடும், விலையும் அதிகம், நம் நாட்டு வெயிலில் ஆவியாகி மறையும். பார்மலின் மலிவானது; திசுவை அதிகம் சுருக்காது. 1897-இல் கைஸர்லிங் என்பவர் பார்மலினில் நிலைநிறுத்திய உறுப்பைச் சாராயத்தில் தோய்த்து இழந்த நிறத்தை ஓரளவு மீட்டு, கிளிசரின் கலந்த உப்புக் கரைசலில் வைக்கும் முறையை வகுத்த பிறகு, மருத்துவக் கல்லூரி மியூசியங்களில் இன்றும் நாம் காணும் கண்ணாடிச் சாடிகளின் வரிசை சாத்தியமாயிற்று.

புட்டியில் இருப்பது என்ன என்பதை முதலில் தெளிந்துகொள்ள வேண்டும். ஏனெனில் பிழைகளில் பாதி அங்கேயே ஜனிக்கின்றன. பார்மால்டிஹைட் ஒரு வாயு. அது நீரில் எடைக்கணக்கில் நூற்றுக்கு 37 பங்குவரை கரைந்து நிற்பதே வியாபாரப் பார்மலின். அப்படிக் கரைந்த வாயு தன்னோடு தானே கோத்துக்கொண்டு வெண்மையான படிவாக இறங்கிவிடும் சுபாவமுடையது; அதைத் தடுக்கவே 10 முதல் 15 பங்கு மீத்தைல் சாராயம் சேர்க்கப்படுகிறது. பலமநேர்ப் பீடபூமியின் மார்கழிக் குளிரில் நெடுநாள் கிடந்த புட்டியின் அடியில் வெள்ளைக் கசடு காணப்பட்டால், திரவம் அந்த அளவுக்குத் தன் பலத்தை இழந்துவிட்டது என்று அறியலாம். கீழே திருப்பதியின் சித்திரை வெயிலிலோ, அதே புட்டியின் மூடியைத் திறக்கும் கணத்தில் எழும் ஆவி குளிர்காலத்தைவிடப் பன்மடங்கு. ‘பத்து சதவீதப் பார்மலின்’ என்று ஆய்வுக்கூடத்தில் வழங்குவது, இந்த வியாபாரத் திரவத்தில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு நீர் சேர்த்தது. அதில் உண்மையான பார்மால்டிஹைட் நூற்றுக்கு நான்கு பங்குக்குச் சற்றுக் குறைவே. புதிதாக வந்த ஊழியர் பத்து சதவீதம் என்பதைப் பார்மால்டிஹைடின் கணக்காக எடுத்துக்கொண்டால், வேண்டியதைப்போல் இரண்டரை மடங்கு கடுமையான கரைசல் உருவாகிவிடும். திசுவும் முறுகும், அறையும் புகைந்து கண் எரியும்.

வெறும் நீரில் கலந்த பார்மலின் நாளடைவில் காற்றின் பிராணவாயுவோடு சேர்ந்து பார்மிக் அமிலத்தை உண்டாக்கும். அமிலமேறிய பார்மலினில் இரத்தம் நிறைந்த திசுவை வைத்தால் கரும்பழுப்பான துகள்கள் படிகின்றன. மலேரியா நோயில் இரத்தத்தின் செந்நிறப் பொருளைக் கிருமி தின்று எஞ்சவிடும் துகளும் அதே தோற்றமுடையது என்பதால், மண்ணீரலையும் கல்லீரலையும் அடிக்கடி பரிசோதிக்க வேண்டியிருக்கும் நம் தேசத்தில் இது அற்ப விஷயமன்று. ஆகவேதான் லிட்டர் ஒன்றுக்கு 4 கிராம் சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்டும் 6.5 கிராம் டைசோடியம் பாஸ்பேட்டும் இட்டு, அமிலமும் காரமும் சமனாகி நிற்கும்படி செய்த நடுநிலைத் தாங்கல் பார்மலினையே நல்ல ஆய்வுக்கூடங்கள் பயன்படுத்துகின்றன. இந்த உப்புகளின் விலை அற்பம். இவற்றை விட்டுவிட்டுச் சிக்கனம் செய்வது எனக்கு விளங்காத செயல்.

இனி, அது எப்படி வேலை செய்கிறது? புரதங்களின் நீண்ட சங்கிலிகளில், முக்கியமாக லைசின் என்ற அமினோ அமிலத்தின் முனைகளில், பார்மால்டிஹைட் ஒட்டிக்கொண்டு, பக்கத்துச் சங்கிலியின் மற்றொரு முனையையும் பற்றி, இரண்டையும் ஒரு சிறு பாலத்தால் பிணைக்கிறது. இவ்வகைப் பாலங்கள் பல்லாயிரமாகப் பெருகும்போது, உயிரணுவின் உள்ளே இருந்தவை எல்லாம் இருந்த இடத்திலேயே கட்டுண்டு நிற்கின்றன. திசுவைத் தானே ஜீரணித்துக் கரைக்கும் என்ஸைம்கள் முடங்குகின்றன. அழுக வைக்கும் கிருமிகளும் மடிகின்றன. குப்பத்துக்குக் கிழக்கே ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பச்சைத் தோலைப் பதனிட்டு அழியாத தோலாக்குகிறார்களே, அந்தத் தொழிலுக்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே. பார்மால்டிஹைடைக் கொண்டே பதனிட்ட வெள்ளைத் தோலும் உண்டு. தோலுக்கும் தசைநாருக்கும் உறுதி தரும் கொலாஜன் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு என்பதைச் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் உலகுக்குக் காட்டியது 1954-இல். பார்மலின் பற்றும் புரதங்களில் அதுவும் ஒன்று.

ஆனால் இந்தப் பிணைப்பு ஒரு நொடியில் முடிவதன்று. நீரில் புகுந்த பார்மால்டிஹைடில் பெரும்பாலும் எல்லாமே நீருடன் சேர்ந்து மெத்திலீன் கிளைக்கால் என்ற வேறொரு உருவில் இருக்கிறது. பிணைக்கும் ஆற்றலுள்ள சுத்த வடிவில் எஞ்சுவது மிகச் சிறு அளவே. கிளைக்கால் திசுவுக்குள் விரைந்து ஊடுருவும். பிணைக்கும் வேலையோ ஆற அமரத்தான் நடக்கும். ஊடுருவலுக்கும் ஒரு கணக்கு உண்டு: பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற பீட்டர் மெடவார், 1941-இல், நிலைநிறுத்தும் திரவங்கள் செல்லும் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று நிறுவினார். அதாவது, ஆழம் இருமடங்காக வேண்டுமானால் காலம் நான்கு மடங்காக வேண்டும். முழுதாக முக்கி வைத்த ஒரு பெரிய கர்ப்பப்பையின் நடுப்பகுதியைத் திரவம் தொடுவதற்கு முன்பே அது அழுகத் தொடங்கிவிடும் என்பது இக்கணக்கிலிருந்து தெளிவாகும். நிபுணர்கள் பெரிய உறுப்பை வந்தவுடன் கீறித் திறப்பதும், திசுவை நான்கு மில்லிமீட்டருக்கு மேற்படாத வில்லைகளாக அறுப்பதும், திசுவின் கன அளவுக்குப் பத்திலிருந்து இருபது மடங்கு திரவம் ஊற்றுவதும், சாதாரண அறை வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு நாள் விட்டுவைப்பதும் இதனால்தான். பார்வைக்கு வெளுத்து விறைத்திருக்கும் துண்டு உள்ளே பாதி பச்சையாக இருக்கலாம். அவசரப்பட்டு அடுத்த படிக்கு அனுப்பினால், மெழுகேற்றுமுன் அது மூழ்கும் சாராயம் அந்த மையத்தைத் தன் பாணியில் சுருக்கி இறுக்கிவிடும். ஒரே துண்டின் ஓரம் ஒரு விதமாகவும் நடு வேறு விதமாகவும் சாயமேற்கும்.

இவ்வளவையும் மனத்தில் கொண்டு, ஒரு சிறிய ஊர் மருத்துவமனையிலிருந்து திருப்பதிக்கோ வேலூருக்கோ செல்லும் பயாப்ஸிப் புட்டியை நினைத்துப் பாருங்கள். அறுவை முடிந்து எடுத்த கட்டி மேசையின் மேல் கிண்ணத்தில் கிடக்கிறது. பார்மலின் தீர்ந்து போயிருக்கலாம், அல்லது யாரோ கொண்டுவர வேண்டியிருக்கலாம். சித்திரை மாதத்து அறையில் ஒவ்வொரு நிமிஷமும் திசு கரைகிறது. பிறகு, கைக்குக் கிடைத்த குறுகிய வாய்ப் புட்டியில் கட்டியைத் திணித்து, மூழ்கும் மட்டும் கொஞ்சம் திரவம் ஊற்றி, மூடியின் மேல் பெயர் எழுதி, நோயாளியின் அண்ணன் கையிலோ மகன் கையிலோ கொடுத்துப் பஸ் ஏற்றிவிடுகிறார்கள். புகும்போது மெத்தென்றிருந்த கட்டி விறைத்த பிறகு அவ்வாய் வழியே வெளிவராது. உடைத்தெடுக்கையில் திசு சிதையும், திரவம் தெறிக்கும். மூடி மாறினால் ஒருவருடைய வியாதி மற்றொருவர் பெயரில் எழுதப்படும். பெயர் எப்போதும் புட்டியின் உடம்பில் இருக்க வேண்டும். புட்டி கசிந்தால் கூட்டமான பஸ்ஸில் அருகிலிருக்கும் குழந்தையின் கண்ணும் எரியும். அகன்ற வாயும் இறுகும் திருகு மூடியும் உள்ள பாத்திரம், அதைச் சுற்றி உறிஞ்சும் பஞ்சு, அதற்கு வெளியே மற்றொரு கெட்டியான உறை, உள்ளிருப்பது நஞ்சு என்ற எச்சரிக்கை தெலுங்கிலும் தமிழிலும்: திசுவின் நலத்துக்கும் மனிதனின் நலத்துக்கும் தேவைப்படுவது இங்கே ஒன்றாகவே அமைந்திருப்பதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். எல்லாத் திசுவும் பார்மலினுக்குரியதன்று. கழுத்தில் வீங்கிய நெறியில் க்ஷயரோகம் என்ற சந்தேகம் இருந்தால், கிருமியை வளர்த்துப் பார்க்கவும் எந்த மருந்துக்கு அது மசியும் என்று அறியவும் உயிருள்ள கிருமி வேண்டும். பார்மலினில் விழுந்த மறுகணம் அந்த வாய்ப்புப் போயிற்று. ஆகவே திசுவை இரண்டாகப் பகுத்து, ஒரு பாதியைச் சுத்தமான உப்பு நீரில் தனியே அனுப்ப வேண்டும். சிறுநீரகத் துண்டில் ஒளிரும் சாயங்களால் செய்யும் பரிசோதனைக்கும் இதுபோலத் தனித் திரவம் உண்டு. கத்தியை எடுக்குமுன் கேட்க வேண்டிய இந்தக் கேள்வியைப் பின்னால் கேட்டால், நோயாளியை மறுபடியும் மேசைக்கு வரவழைப்பதைத் தவிர வழியில்லை.

கையாளுபவனுக்கு நேரும் அபாயத்தைப் பற்றி விஞ்ஞானம் இப்போது தயக்கமின்றிப் பேசுகிறது. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004-இல் பார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் சேர்த்தது. மூக்கின் பின்புறத்துத் தொண்டையில் தோன்றும் புற்று அப்போது காரணமாகக் காட்டப்பட்டது, 2009-இல் இரத்தப் புற்றும் சேர்க்கப்பட்டது. நம் உடலே தன் இயல்பான வினைகளில் இப்பொருளைச் சிறிதளவு உண்டாக்குகிறது, இரத்தத்தில் லிட்டருக்கு இரண்டு மூன்று மில்லிகிராம் எப்போதும் இருக்கிறது, அதை உடனுக்குடன் மாற்றியமைக்கும் என்ஸைம்களும் இருக்கின்றன என்பது உண்மையே. ஆயினும் மூச்சில் புகும் வாயு, அந்தக் காவலர்களை அடையுமுன், முதலில் தொடும் ஈரமான சவ்வின் புரதங்களையே பற்றுகிறது. புளூமின் விரலில் நடந்தது மூக்கிலும் தொண்டையிலும் நடக்கிறது. அமெரிக்கத் தொழிற்சட்டம் எட்டு மணி நேரச் சராசரியாகக் காற்றின் பத்து லட்சம் பங்கில் 0.75 பங்கும், பதினைந்து நிமிஷத்துக்கு 2 பங்கும் என எல்லை வகுத்திருக்கிறது. அந்நாட்டுத் தொழிற்பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் அதனினும் மிகக் குறைந்த அளவையே சிபாரிசு செய்கிறது. மின்விசிறி சுழலும் பழைய சவ அறுவைக் கூடத்தில், சவத்தின் மேல் குனிந்து மூட்டைப் பிரித்துக்கொண்டிருக்கும் மாணவியின் முகத்தருகே இந்த அளவுகள் எளிதில் மீறப்படும். மேலே சுழலும் விசிறி ஆவியை அகற்றுவதில்லை, பரப்புகிறது. மேசையின் விளிம்பிலிருந்தே காற்றைக் கீழ்நோக்கி இழுத்து வெளியேற்றும் அமைப்பே பயன் தரும்.

மிகவும் வருந்தத்தக்கது, மூக்கு இவ்விஷயத்தில் நம்பத்தகாத சாட்சி என்பது. சில நிமிஷங்களில் நெடி பழகிப்போகிறது. பழகியவுடன் அபாயம் நீங்கியதாக மனம் எண்ணுகிறது. ஆண்டுக்கணக்கில் திசு அறுக்கும் மேசையில் நின்ற ஊழியர்கள், தமக்கு ஒன்றும் தெரிவதில்லை என்று பெருமையாகச் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். அவர்களுக்காகவே இக்கட்டுரையின் இப்பகுதியை எழுதுகிறேன். அறுவை அறையில் கட்டும் துணி முகமூடி வாயுவைத் தடுப்பதில்லை. பார்மால்டிஹைடுக்கென்று குறிக்கப்பட்ட உறிஞ்சுக் குடுவை பொருந்திய முகமூடியே தடுக்கும். மெல்லிய ரப்பர்க் கையுறையைவிட நைட்ரைல் கையுறை மேல். கண்ணில் தெறித்தால் குறைந்தது பதினைந்து நிமிஷம் ஓடும் நீரில் கழுவிய பின்புதான் வைத்தியரைத் தேடிப் போக வேண்டும். அறியாமல் பருகினால், உட்சென்ற பார்மால்டிஹைடும் மீத்தைல் சாராயமும் பார்மிக் அமிலமாக மாறி இரத்தத்தை அமிலமாக்கும், பார்வையையும் பறிக்கும். குடிநீர்ப் புட்டியில் பார்மலினை ஊற்றி வைப்பதை மன்னிக்கவே கூடாது. கடும் திரவத்தை நீர்ப்பது ஆவி உறிஞ்சும் கூண்டுக்குள்தான் நடக்க வேண்டும். தயாரான கரைசலாகவே வாங்குவது மேலும் நலம்.

ஒவ்வாத சேர்க்கைகளும் உண்டு. பார்மால்டிஹைட் ஆவியும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் ஆவியும் சந்தித்தால் அதனினும் கொடிய புற்றுநோய்ப் பொருள் ஒன்று பிறக்கக்கூடும்; எலும்பை மிருதுவாக்க அந்த அமிலத்தைப் பயன்படுத்தும் ஆய்வுக்கூடங்கள், பார்மலினில் ஊறிய எலும்பை நன்கு கழுவிய பின்னரே அமிலத்தில் இட வேண்டும். இந்திய மருத்துவமனைகளில் அறுவை அறையைத் தூய்மை செய்யப் பார்மலினைப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் மேல் ஊற்றிப் புகை எழுப்பும் பழக்கம் நெடுநாள் நிலவிற்று. அந்தச் சேர்க்கை பொங்கிச் சீறிச் சில வேளை தீப்பற்றவும் செய்யும். நோயாளிகள் கிடக்கும் கட்டடத்துக்குள் அதற்கு இனி இடமில்லை என்பதே என் திடமான கருத்து.

பயன்படுத்தி முடிந்த திரவத்தைத் தொட்டியில் கொட்டிக் குழாயைத் திறந்துவிடுவது எளிது. ஆனால் கழிவுநீரைச் சுத்தி செய்யும் நுண்ணுயிர்களையும் அது பிணைத்துக் கொன்றுவிடும். 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள், எஞ்சிய பார்மலினைப் பெயர் சொல்லியே மஞ்சள் வகுப்பின் ரசாயனத் திரவக் கழிவுகளில் சேர்த்து, அதைத் தனிக் குழாய் வழியே சுத்திகரிப்பு அமைப்புக்கு அனுப்பக் கட்டளையிடுகின்றன. சாந்திபுரம் வட்டாரத்தின் ஏரிகளும் கிணறுகளும் மழையையே நம்பியவை. கலந்த நஞ்சை அடித்துச் செல்ல ஜீவநதி ஏதும் அங்கே இல்லை.

உருவைக் காக்கும் பார்மலின் வேறொன்றைக் கெடுப்பதற்கு மருத்துவத்துக்கு வெளியேயும் ஓர் உதாரணம் சொல்ல வேண்டும். திருப்பதி மலைகளில் வாழும் பொன்னிறப் பல்லியை 1870-இல் பெட்டோம் விவரித்தபோது பார்மலின் வழக்கில் இல்லை. நெடுங்காலம் அறிஞர்களின் கண்ணில் படாதிருந்த அப்பல்லியை ஜே. சி. டேனியலும் அவருடைய சகாக்களும் மறுபடி கண்டறிந்து எழுதியது 1986-இல். இத்தகைய ஜீவராசியை மியூசியத்துக்காகக் காப்பவர்கள் பார்மலினில் உருவை நிலைநிறுத்திப் பிறகு எழுபது சதவீதச் சாராயத்துக்கு மாற்றுகிறார்கள். உருவம் அழகாக நிற்கிறது. ஆனால் பார்மலினின் பாலங்கள் மரபணு இழைகளையும் பிணைத்து நறுக்கிவிடுகின்றன. பரம்பரை உறவை மரபணுவால் ஆராயும் இக்காலத்தில், பார்மலினைத் தொடுமுன் ஒரு சிறு தசைத்துண்டைக் கடும் சாராயத்தில் தனியே வைப்பது வழக்கமாகிவிட்டது.

மருத்துவமனைகளில் திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டைகளிலும் இதே பிரச்னை தலைகாட்டுகிறது. பல்லாண்டுகளாகச் சேர்ந்த அக்கட்டைகளிலிருந்து மறைந்த புரதங்களை வெந்நீர்ச் சூட்டில் மீண்டும் வெளிக்கொணரலாம் என்று 1991-இல் ஷியும் அவருடைய குழுவினரும் காட்டிய பிறகு, மார்பகப் புற்று எந்த மருந்துக்கு இணங்கும் என்பதை அதே துண்டிலிருந்து அறிய முடிகிறது. ஆனால் அந்தப் பரிசோதனை நம்பத்தக்கதாவதற்கு, திசு உடலைவிட்டு நீங்கிய ஒரு மணிக்குள் பார்மலினை அடைய வேண்டும் என்றும், அதில் ஆறு மணிக்குக் குறையாமலும் எழுபத்திரண்டு மணிக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும் என்றும் அமெரிக்க நிபுணர் சங்கங்கள் வகுத்திருக்கின்றன. சனிக்கிழமை மாலை சிற்றூரில் எடுத்த திசு, ஞாயிறு கழிந்து, திங்கட்கிழமை பஸ்ஸில் புறப்பட்டு, செவ்வாய்க்கிழமை மாலை பெருநகர ஆய்வுக்கூடத்தில் பிரிக்கப்பட்டால், அந்த எல்லை தொட்டுவிடப்படுகிறது. இடையில் ஒரு விடுமுறை வந்தால் கடந்துவிடுகிறது. ஆகவே பயாப்ஸியோடு செல்லும் விண்ணப்பத் தாளில், நோயாளியின் பெயருக்கும் வயதுக்கும் கீழே, திசு எடுத்த மணியையும் பார்மலினில் இட்ட மணியையும் குறிக்க இரண்டு கட்டங்கள் அச்சிட வேண்டும். அவற்றை நிரப்பும் பொறுப்பு, அறுவை அறையிலேயே, புட்டியைக் கையில் வைத்திருக்கும் செவிலியிடம் இருக்க வேண்டும்.